புறாக்காரன் சாட்சி செல்லாது

நான் சொல்லப்போவதை நீங்கள் நம்பவேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. நான் புறா விடுகிறவன். ஜோர்டானில், எங்கள் அம்மான் நகரத்தில் புறா விடுகிறவனின் சாட்சி செல்லாது என்பது எல்லோருக்கும் தெரியும். அடுத்தவன் புறாவைப் பிடித்துக் கூட்டில் அடைத்துவிட்டு, "நானா? பாக்கவே இல்லையே" என்று கண் சிமிட்டாமல் சத்தியம் செய்கிறவன் நீதிமன்றத்தில் ஏறி என்ன உண்மையைச் சொல்லிவிடப் போகிறான் என்று ஊரார் கேட்பார்கள். கேட்பதில் தப்பில்லை. நான் நீதிமன்றத்தில் தட்டச்சராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இருபத்தெட்டு வருடமாக, காலையில் மற்றவர்களின் சத்தியங்களைத் தட்டச்சு செய்துவிட்டு, மாலையில் மாடிக்குப் போய் நானும் அப்படிச் சத்தியம் செய்து வந்தேன்.

என் எதிரியின் பெயர் வஸ்ஃபி. அஷ்ரஃபிய்யா மேட்டில் என் மொட்டைமாடிக்கு எதிர்மாடி அவனுடையது. நடுவில் ஒரு சந்து. சமையல் எரிவாயு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவன். பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் இரண்டு பேரும் கூட்டைத் திறந்துவிடுவோம். அவன் கூட்டத்துப் புறா மயங்கி என் கூட்டத்தோடு இறங்கி வலையில் மாட்டினால் அது எனக்குச் சொந்தம். என்னுடையது அவனிடம் போனால் அவனுக்குச் சொந்தம். திருப்பிக் கேட்பது கேவலம், திருப்பிக் கொடுப்பது பைத்தியக்காரத்தனம். எங்கள் சட்டம் அவ்வளவுதான்.

போன வருடத்துக்கு முந்தின குளிர்காலத்திலிருந்து கோடை வரைக்கும் அவனுடைய புறாக்களில் பதின்மூன்றை நான் பிடித்தேன். அதற்கு முன் ஏழு வருடத்தில் பிடித்தது ஒன்பது. அறுபது வயதில் எனக்குக் கைத்திறன் கூடிவிட்டது என்று நினைத்து, தினமும் ஒரு கோப்பை மரமிய்யா இலை போட்ட தேநீரை அதிகமாகவே குடித்தேன்.

அதே குளிர்காலத்தில்தான் வஸ்ஃபி விழ ஆரம்பித்தான். முதல் தடவை பள்ளிவாசலில் செருப்பு வைக்கிற இடத்தில். இரண்டாவது தடவை சொந்த வீட்டுச் சமையலறையில். இரண்டும் மல்லாக்க. யாரோ நெஞ்சில் கைவைத்துத் தள்ளினமாதிரி இருந்தது என்றான். கழுத்து விறைத்துப்போனது. புருவம் இரண்டும் மேலே ஏறி நின்றுகொண்டன. தெருவில் பார்க்கிறவர்கள் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து, யாரென்று விசாரித்தார்கள். சாப்பிடும்போது தட்டைப் பார்க்காமல் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டான். சோறு பாதி சட்டையில் விழுந்தது. அவன் மனைவி உம்மு கல்தூன் சட்டையைத் துவைத்துத் துவைத்துக் கை வலித்து, வேண்டுமென்றே செய்கிறான் என்று ஒரு மாதம் அவனோடு பேசவில்லை.

மூன்றாவது தடவை ஏணியிலிருந்து விழுந்தான். நல்லவேளை, இரண்டாவது படியிலிருந்துதான்.

இந்த ஏணியைப் பற்றிச் சொல்லவேண்டும். வஸ்ஃபியின் புறாக்கூடு மாடிக்கு மேல் இன்னொரு மாடிபோல உயரமானது. அதன் உச்சிக்கு ஏற ஓர் இரும்பு ஏணி, பதினோரு படி. உச்சியில் கைப்பிடி கிடையாது. பின்பக்கம் நேராக இன்னொரு சந்து, நான்கு மாடிப் பள்ளம். அங்கே நின்று நீளக் கம்பில் கட்டிய கறுப்புத் துணியைச் சுழற்றினால்தான் கூட்டம் மேலே ஏறும். இனிமேல் ஏறக்கூடாது என்று உம்மு கல்தூன் அழுதாள். அவன் குர்ஆன் மேல் கைவைத்துச் சொன்னான்:

"டாக்டர் ஒருத்தர் ஏறாதேன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், அந்த நிமிஷமே ஏணிய இறக்கிடறேன். அதுவரைக்கும் எவன் சொன்னாலும் ஏறுவேன்."

ஆகவே எங்களுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு வார்த்தை.

தெருமுனை டாக்டரிடம் போனோம். அவர் வஸ்ஃபியை நடக்கவிட்டுப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். ஊரில் மூளைப்படம் எடுக்க ஒரு மேனிலைக் கழகம் திறந்ததிலிருந்து அசைவு நோய் எதையும் படம் இல்லாமல் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாது என்று சுற்றறிக்கை வந்திருக்கிறதாம். அந்தக் கழகத்துக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். உம்மு கல்தூன் உதவிக்கு ஆள் இல்லாமல் என்னைக் கூப்பிட்டாள். எதிரியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதில் எங்கள் சட்டத்தில் தடை இல்லை. நானும் போனேன்.

அசைவு நோய்களுக்கான மூளைப்பட மேனிலைக் கழகம் பார்ப்பதற்கு மிக அழகான கட்டடம். நடக்கமுடியாதவர்களுக்காகக் கட்டியது என்பதால் வாசலில் சுழல்கதவு வைத்திருந்தார்கள். கால் எடுத்து வைக்கத் தடுமாறும் கிழவர்கள் அதற்குள் மாட்டிக்கொண்டு கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்தார்கள். காவலாளி அவர்களை ஒவ்வொருவராக வெளியே இழுத்துக்கொண்டிருந்தார். காத்திருக்கும் கூடத்தில் இடுப்புவரை அமிழ்கிற சோஃபாக்கள். எண்ணைக் கூப்பிட்டதும் ஏழு விநாடிக்குள் எழுந்து முகப்புக்குப் போய்விட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த எண். நாங்கள் இருந்த இரண்டு மணி நேரத்தில் ஏழு விநாடிக்குள் போய்ச் சேர்ந்தது ஒரே ஒரு ஆள். அவர் குளிர்சாதனப்பெட்டி பழுதுபார்க்க வந்தவர். அவரையும் ஸ்கேன் அறைக்கு அனுப்பிவைத்தார்கள்.

முகப்புக்கு மேலே பித்தளை எழுத்தில் கழகத்தின் கொள்கை: படம் பொய் சொல்லாது.

எங்கள் எண் மூன்றாவது நாள் சரியாக அமைந்தது. நான் வஸ்ஃபியை உட்காரவே விடாமல் முகப்புக்குப் பக்கத்திலேயே நிற்கவைத்திருந்தேன். நோய் வரலாறு எழுதுகிறவர் முன்ஸிர் என்ற அதிகாரி. தங்கநிறப் பேனா. எழுத்து அச்சுமாதிரி இருந்தது. பெயர், வயது, எரிவாயு வண்டி எல்லாம் எழுதினார். இப்போது பொழுது எப்படிப் போகிறது என்று கேட்டார். வஸ்ஃபி சந்தோஷமாக, புறா என்றான்.

முன்ஸிர் பேனாவை மூடினார்.

"புறா வளர்க்கறீங்களா, விடறீங்களா?"

"விடறேன்."

"அப்போ நீங்க சொல்றத நான் எழுத முடியாது. நோய் வரலாறுங்கறது ஒரு சாட்சியம். எங்க சட்டப் பிரிவு தெளிவாச் சொல்லியிருக்கு. நீங்க விழுந்தேன்னு சொல்வீங்க. விழுந்தீங்களா இல்லையான்னு யாருக்குத் தெரியும்?"

வஸ்ஃபி தலையின் பின்பக்கத்திலிருந்த வடுவைக் காட்டினான். வடு பேசாது என்றார் முன்ஸிர். அவர் சொன்னது உண்மைதான். உம்மு கல்தூன் முன்னால் வந்து, தான் பார்த்ததாகச் சொன்னாள். புறாக்களுக்குத் தீனி போடுவது யார் என்று அவர் கேட்டார். அவள்தான். அப்படியானால் அவளும் உடந்தை. என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். "இவரும் புறாதான், மூஞ்சியிலயே தெரியுது" என்றார்.

வஸ்ஃபி மெல்ல, ஒரே ஒரு கேள்வி மட்டும் என்றான். ஏணி ஏறலாமா, கூடாதா? முன்ஸிர் கண்ணியமான மனிதர், கேள்வியை எழுதிக்கொண்டார். கேள்வி சாட்சியம் ஆகாதாம். பிறகு 'நோயாளி கூறியது' என்ற பெரிய கட்டத்தில் குறுக்குக் கோடு போட்டு, 'ஏற்கத்தக்கதல்ல' என்று அழகாக எழுதினார்.

ஸ்கேன் எடுப்பதற்கு முன் புதிய நோயாளிகளுக்கு இயக்குநர் உரையாற்றுவது கழகத்தில் வழக்கம். இயக்குநர் டாக்டர் ஸுஹைர். உயரமானவர், நரைத்த முடி, அட்லாண்டிக்குக்கு அந்தப்பக்கம் படித்தவர். அவர் பேசியதை நான் தட்டச்சர் பழக்கத்தில் அப்படியே மனதில் வாங்கிக்கொண்டேன்.

"அந்தக் காலத்து டாக்டர் என்ன பண்ணுவாரு? நோயாளிய நடக்கச் சொல்வாரு. கையப் பிடிச்சுப் பார்ப்பாரு. கண்ணு முன்னாடி வெரல ஆட்டி, மேல பாரு, கீழ பாரும்பாரு. இது வைத்தியமா? கைரேகை பாக்கறவன்கூட இவ்வளவு தொடமாட்டான். அல்லாஹ்மேல ஆணையா, நான் இங்க வந்து ஒம்பது வருஷத்துல ஒரு நோயாளியையும் தொட்டதில்ல. பல பேர நேர்ல பாத்ததுகூட இல்ல. ஆனா அவங்க மூளைய எனக்கு நல்லாத் தெரியும்."

கைதட்டச் சொன்னார்கள். தட்டமுடிந்தவர்கள் தட்டினோம்.

வஸ்ஃபியை எந்திரத்துக்குள் அனுப்பினார்கள். அரைமணி நேரம் அவன் அசையாமல் படுத்திருந்தான். அசையாமல் இருப்பதில்தான் அவனுக்கு இப்போது சிரமமே இல்லை. படம் மிகத் தெளிவாக வந்தது. மூளையை நடுவில் பக்கவாட்டாக வெட்டினாற்போல ஒரு படம். அதில் நடுமூளை சுருங்கிக் கிடந்தது. சுருங்கின இடம், பார்க்கப் பார்க்க, அலகு நீண்ட ஒரு பறவைபோல இருந்தது.

பிரச்சினை அங்கேதான் ஆரம்பித்தது.

டாக்டர் ஸுஹைர் அதை ரீங்காரச்சிட்டு என்றார். அவர் படித்த இடத்தில் அந்த அடையாளத்துக்கு அதுதான் பெயர். துணை இயக்குநர் டாக்டர் லமீஸ் பிரான்சில் படித்தவர். அவருடைய பேராசிரியர் சொல்லிக்கொடுத்தது பென்குயின். இயக்குநர் அறிக்கையில் ரீங்காரச்சிட்டு என்று எழுதினார். துணை இயக்குநர் அடித்துவிட்டுப் பென்குயின் என்று எழுதினார். கழகத்தின் கணினியில் ஓர் அறிக்கைக்கு ஒரு பறவைக்குத்தான் இடம் இருந்தது. கோப்பு நின்றுபோனது.

படம் எடுக்கிற தொழில்நுட்பர் நல்ல மனிதர். நான் முட்டை வைத்த கஅக் ரொட்டி ஒன்று வாங்கிக் கொடுத்து அவரிடம் கேட்டேன். சுற்றிலும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ரெண்டும் ஒண்ணுதான் ஹாஜி. சிட்டுன்னாலும் பென்குயின்னாலும் நோய் ஒரே நோய்தான்."

என்ன நோய் என்றேன்.

"அதச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்ல. நான் படம் எடுக்கறவன்." கஅக்கைத் தின்றுகொண்டே போய்விட்டார்.

பறவை அடையாளக் குழு அமைக்கப்பட்டது. பதினாறு பேர். முதல் கூட்டத்தில் நாற்காலி வரிசையைப் பற்றிப் பேசினார்கள். இரண்டாவது கூட்டத்தில், பதினாறு பேரில் ஒருவர்கூட ரீங்காரச்சிட்டையோ பென்குயினையோ உயிரோடு பார்த்ததில்லை என்று தெரியவந்தது. ஒப்பிட்டுப் பார்க்க மாதிரிகள் வேண்டுமென்று தீர்மானம் போட்டார்கள். பஞ்சு அடைத்த ரீங்காரச்சிட்டு ஒன்றுக்கு வெளிநாட்டில் ஏற்பாடு செய்தார்கள். கழகத்தின் கொள்முதல் பிரிவு அதற்குத் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்டது. பறவை இறந்து நாற்பது வருடம் ஆகிறது என்று பதில் வந்ததும், அப்படியானால் இறப்புச் சான்றிதழ் அனுப்புங்கள் என்று எழுதினார்கள்.

பென்குயின் கட்சி அவ்வளவு நாள் காத்திருக்கவில்லை. டாக்டர் லமீஸின் ஆட்கள் நகரத்தின் கீழ்ப்பகுதியில் ஓர் ஐஸ்கிரீம் கடை வாசலிலிருந்து ஆளுயரப் பிளாஸ்டிக் பென்குயின் ஒன்றைக் கையெழுத்துப் போட்டு இரவல் வாங்கிவந்தார்கள். அது தலையில் தொப்பி, கையில் கூம்பு ஐஸ்கிரீமோடு இருந்தது. கூம்பு அளவையில் குழப்பம் தரும் என்று எதிர்க்கட்சி ஆட்சேபித்தது. அதற்கு ஒரு துணைக்குழு. ஒருநாள் நாங்கள் போனபோது அந்தப் பென்குயினை எந்திரத்துக்குள் படுக்கவைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் எண் கூப்பிடப்பட்டது, ஆனால் பென்குயின் முன்பதிவு செய்திருந்தது.

இப்படி எட்டு மாதம். எட்டு மாதமும் வஸ்ஃபி தினமும் அஸருக்குப் பிறகு ஏணி ஏறினான். கீழே உம்மு கல்தூன் ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பாள். நான் என் மாடியிலிருந்து பார்ப்பேன். அவன் உச்சியில் நின்று துணியைச் சுழற்றுவான், நேர் எதிரே என்னைப் பார்த்துக்கொண்டு. அவன் முறைக்கிறான் என்று நினைத்து நானும் பதிலுக்கு முறைப்பேன். பதின்மூன்றாவது புறாவை அப்படி ஒரு நாளில்தான் பிடித்தேன். என் முட்டாள்தனத்துக்கும் ஒரு கழகம் கட்டலாம்.

ஒன்பதாவது மாதம் அவன் வீட்டுக்குக் கார் வந்தது. கழகத்தின் கார். பறவைகளை அறிந்த ஒரு வல்லுநர் வேண்டும் என்று குழு முடிவு செய்து, நாடு முழுக்கத் தேடி, கடைசியில் தங்கள் கோப்பிலேயே 'தொழில்: புறா' என்று ஒரு பெயர் இருப்பதைக் கண்டுபிடித்திருந்தார்கள். அவன் சாட்சி செல்லாதே என்று நான் முன்ஸிரிடம் கேட்டேன். அவர் என் அறியாமையை மன்னித்து விளக்கினார்: நோயாளியாக அவன் சொல்வது சாட்சியம், அது செல்லாது. வல்லுநராக அவன் சொல்வது கருத்து, அது செல்லும். தன் மூளையைப் பற்றித்தானே கருத்துச் சொல்லப்போகிறான் என்றேன். அது தற்செயல் என்றார். வஸ்ஃபிக்குத் துணையாக என்னையும் சுவரோரம் உட்காரவிட்டார்கள்.

கூட்ட அறையில் பதினாறு பேர், குதிரைலாட வடிவ மேசை, ஒவ்வொருவர் முன்னும் பாதாம் வைத்த பேரீச்சம்பழத் தட்டு. மூலையில் கூம்பு கழற்றப்பட்ட பென்குயின். புதிதாக வாங்கிய திரை அந்த அறைக்குப் பெரிதாகிப்போனதால் கூரையை ஒட்டி உயரத்தில் மாட்டியிருந்தார்கள். எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். வஸ்ஃபியின் சட்டையில் 'பறவை வல்லுநர்' என்று அட்டை குத்தி நடுவில் நிறுத்தினார்கள். ஒரு சோற்றுப்பருக்கை அட்டைக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தது.

டாக்டர் ஸுஹைர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "உஸ்தாத் வஸ்ஃபி, மேல பாருங்க. அது என்ன பறவை?" என்றார்.

வஸ்ஃபி நேர் எதிரே இருந்த பேரீச்சம்பழத் தட்டைப் பார்த்தான்.

"மேல பாக்க முடியலீங்க டாக்டர்."

"வெளிச்சம் கூசுதா?"

"இல்லீங்க. கண்ணு மேல போக மாட்டேங்குது. ரொம்ப நாளாவே போறதில்ல."

டாக்டர் லமீஸ் ஜன்னல் திரைச்சீலையை இழுத்துவிடச் சொன்னார். இழுத்தார்கள். இப்போது தெரிகிறதா என்று கேட்டார்கள். தெரியவில்லை என்றான். விளக்கை அணைத்தார்கள்.

அந்த இருட்டில்தான் எனக்கு உறைத்தது. பதின்மூன்று புறா. அவன் என்னை முறைக்கவில்லை. ஒரு வருடமாக அவன் வானத்தையே பார்க்கவில்லை. தன் கூட்டம் எங்கே பறக்கிறதென்று தெரியாமல் வெறுமனே துணியைச் சுழற்றிக்கொண்டு நின்றிருக்கிறான். நான் எழுந்து கத்தினேன்:

"டாக்டர், அந்தப் படத்த விடுங்க. இவன் மூஞ்சியப் பாருங்க. புறா விடறவன் வானத்தப் பாக்க மாட்டேங்கறான், இதுக்கு மேல என்ன வேணும்?"

பதினாறு பேரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் நான் தெரிந்துகொண்டது இதுதான்: அந்தப் பறவை காட்டிக்கொடுக்கும் நோயில் கண் மேலே கீழே போகாது, ஆள் மல்லாக்க விழுவான். பதினாறு பேருக்கும் அது மனப்பாடம். அதைப்பற்றிப் பரிசு வாங்கினவர்களே நான்கு பேர் இருந்தார்கள். பேசுவது யார் என்று இயக்குநர் கேட்டார். எதிர்மாடிப் புறாக்காரர் என்றார் முன்ஸிர். குறிப்பேட்டிலிருந்து என் பேச்சு நீக்கப்பட்டது.

வஸ்ஃபி மரியாதை தெரிந்தவன். இவ்வளவு பெரிய மனிதர்கள் காத்திருக்கிறார்களே என்று, கண் போகாவிட்டால் உடம்பாவது போகட்டும் என்று இடுப்பிலிருந்து பின்னால் வளைந்து பார்க்க முயன்றான். மரப்பலகை சாய்வதுபோல அப்படியே மல்லாக்க விழுந்தான். அந்தச் சத்தத்தை நான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

"படம் அணைஞ்சிடலையே?" என்று கேட்டார் டாக்டர் ஸுஹைர்.

அணையவில்லை. விளக்கைப் போட்டார்கள். வஸ்ஃபி தலையிலிருந்து ரத்தம் வழியத் தரையில் கிடந்தான். நான் ஓடிப்போய்த் தலைக்குக் கீழே கையை வைத்தேன். மல்லாக்கக் கிடந்ததால் இப்போது திரை அவன் முகத்துக்கு நேரே இருந்தது. ஒரு வருடத்தில் முதல் தடவையாக உயரத்தில் இருந்த ஒன்றை அவன் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான், சந்தையில் புறா வாங்கும்போது பார்ப்பதுபோல.

"எந்தப் பறவைன்னு எனக்குத் தெரியல டாக்டர்," என்றான். "ஆனா கழுத்து ஒடுங்கிப்போச்சு. என்கிட்ட இப்படி ஒண்ணு இருந்தா நான் அத மேல விடமாட்டேன். கீழயே வெச்சுத் தீனி போடுவேன்." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுக் கேட்டான்: "அப்போ நான் ஏணி ஏறலாமா?"

இதற்குப் பதில் சொல்ல ஒரு வார்த்தை போதும். அதைச் சொல்லக்கூடியவர்கள் பதினாறு பேர் அறையில் இருந்தார்கள். அவர்கள் முன்ஸிரைப் பார்த்தார்கள். முன்ஸிர் எழுதினார்: வல்லுநரின் கருத்துப்படி பறவை, புறா இனத்தைச் சேர்ந்ததல்ல. ஏணி பற்றிய கேள்வி குழுவின் வரம்புக்குள் வராது. டாக்டர் லமீஸ் தரை வழுக்குவதைச் சுட்டிக்காட்டினார். தரைக்கல் குழு ஒன்று அமைக்கலாம் என்று இயக்குநரும் துணை இயக்குநரும் முதல்முறையாக ஒருமனதாக முடிவு செய்தார்கள். எல்லோரும் பேரீச்சம்பழம் சாப்பிட்டார்கள்.

தலையில் ஏழு தையல். அதுவும் வேறு ஆஸ்பத்திரியில்; கழகத்தில் ஊசிநூல் கிடையாது.

மறுநாள் அஸர் தொழுகை முடிந்ததும் நான் என் கூட்டைத் திறக்கவில்லை. பதின்மூன்று புறாவையும் ஒரு கூடையில் அடைத்து, சந்தின் எதிர்ப்பக்கம் போய் வஸ்ஃபியின் மாடிக்கு ஏறினேன். தலையில் கட்டோடு அவன் ஏணியின் முதல் படியில் கால் வைத்திருந்தான். டாக்டர் யாரும் ஏறாதே என்று சொல்லவில்லை அல்லவா. உம்மு கல்தூன் அழுது ஓய்ந்து, பேசாமல் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கூடையை அவன் காலடியில் வைத்தேன். அவனால் கீழே பார்க்க முடியாது என்பது நினைவு வந்து, தூக்கி முகத்துக்கு நேரே பிடித்தேன். அவன் ஒவ்வொன்றாக எண்ணினான்.

"பதிமூணா? எட்டுன்னுல்ல நினைச்சேன். திருட்டுப்பய."

"திருடினது நான் இல்ல, உன் கண்ணு. அதுக்கு மேலயும் வழியில்ல, கீழயும் வழியில்ல. இத முன்னாடியே கண்டுபிடிக்கவேண்டியவன் நான். புறா கிடைக்குதேன்னு வாயப் பொத்திக்கிட்டு இருந்துட்டேன். இறங்கு வஸ்ஃபி. ஏறாத."

"நீ டாக்டரா?"

"டாக்டரத்தான் நேத்து பார்த்தியே. தரையில கிடந்து சொன்னானே ஒருத்தன், கழுத்து ஒடுங்கினத மேல விடமாட்டேன்னு. அந்த ரூமுல படம் பாக்கத் தெரிஞ்சவன் அவன் ஒருத்தன்தான்."

அவன் கூடையை வாங்கி உம்மு கல்தூனிடம் கொடுத்தான். பிறகு காலை எடுத்துத் தரையில் வைத்தான். சத்தியம் முறிந்ததா காப்பாற்றப்பட்டதா என்பதை மார்க்கம் தெரிந்தவர்கள்தான் சொல்லவேண்டும். நான் ஏணியின் ஒரு முனையைப் பிடித்தேன், மறுமுனையை உம்மு கல்தூன் பிடித்தாள். அவன் மனம் மாறுவதற்குள் சந்தின் இந்தப்பக்கம் என் மாடிக்குக் கொண்டுவந்து சேர்த்தோம்.

அந்த வாரமே அவள் அலமாரிக் கதவிலிருந்து கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தாள். அதை அவர்கள் மாடியில் ஒரு நாற்காலிமேல், சாய்வாக, வஸ்ஃபி உட்காரும் இடத்துக்கு நேரே பொருத்தினேன். கழுத்தையும் கண்ணையும் அசைக்காமல் உட்கார்ந்தபடியே அவனுக்கு அதில் வானம் தெரிந்தது. முதல் நாள் தன் கூட்டம் கண்ணாடியில் திரும்பினதைப் பார்த்து அவன் அழுதான். முகம் மட்டும் எப்போதும்போல ஆச்சரியப்பட்டமாதிரியே இருந்தது. நானும் அழுதேன், ஆனால் அதை அவன் சாட்சி சொன்னால் நம்பாதீர்கள். இரண்டாவது மாதம் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே உம்மு கல்தூனுக்கு வலப்பக்கம், இடப்பக்கம் என்று சொல்லி, வலையை வீசவைத்து, என்னுடைய நல்ல சாம்பல் பெட்டையைப் பிடித்துவிட்டான். நான் பதின்மூன்று கொடுத்தேன். அவன் அந்த ஒன்றைத் தரவில்லை.

நோய் நிற்கவில்லை. இப்போது அவன் பேச்சு குழறுகிறது, தண்ணீர் குடித்தால் புரையேறுகிறது. தெருமுனை டாக்டர் கழகத்துக்குத் தெரியாமல் வீட்டுக்கு வந்து, நோயின் பெயரைச் சொல்லி, விழாமலிருக்கவும் புரையேறாமலிருக்கவும் வழி சொல்லிக்கொடுத்தார். அவர் எடுத்துக்கொண்ட நேரம் இருபது நிமிடம். கேட்டுக்கொண்டது ஒரு தம்ளர் தண்ணீர்.

கழகத்தின் அறிக்கை போன வியாழக்கிழமை வந்தது. கனமான உறை, தங்க முத்திரை. வஸ்ஃபியால் கீழே பார்த்துப் படிக்கமுடியாது என்பதால் நான் உரக்கப் படித்தேன். குழு இருபத்தொரு கூட்டங்களுக்குப் பிறகு சமரசத்துக்கு வந்திருந்தது. 'பறவை: ஒன்று. இனம்: பின்னர் அறிவிக்கப்படும்.' நோய் என்ற கட்டத்தில், 'பறவையைப் பார்க்கவும்' என்று இருந்தது. தரைக்கல் பற்றிய இணைப்பு நான்கு பக்கம். நோயாளியின் மூளைப்படம் கழகத்தின் வரவேற்புக் கூடத்தில் சட்டமிட்டு மாட்டப்படும் கௌரவத்தைப் பெறுகிறது என்று டாக்டர் ஸுஹைர் தன் கையால் எழுதி வாழ்த்தியிருந்தார்.

கடைசிப் பக்கத்தில், முன்ஸிரின் அச்சுப்போன்ற எழுத்தில், முதல்நாள் குறித்துக்கொண்ட கேள்விக்குப் பதிலும் இருந்தது. நான் அதை இரண்டு தடவை படித்தேன், அவன் கேட்டுக்கொண்டதால்.

'ஏணி குறித்து: படத்தில் ஏணி எதுவும் காணப்படவில்லை.'

ஏணி என் மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கிறது. இரும்பு ஏணி, பதினோரு படி. அதை அங்கே கொண்டுவந்து வைத்தது நான்தான் என்று எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்யத் தயாராக இருக்கிறேன். ஆனால் எழுதிக்கொள்ள ஆள் இல்லை.